டூட்டி முடிஞ்சப்புறமும் கிளாஸுக்கு எதுக்கு போறீங்க? போகலன்னா ஏன் போகல? மனசுல இருக்கறத சொல்லுங்க

ட்ரெயினிங்_டெஸ்க்:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப வருஷம் வார்டுல ஸ்டாஃப் நர்ஸா இருந்துட்டு இப்ப இன்-சர்வீஸ் ட்ரெயினிங் பொறுப்புல இருக்கேன். நர்ஸ், டெக்னீஷியன், பிசியோ, பார்மசி எல்லாருக்கும் கிளாஸ் ஏற்பாடு பண்றது என் வேலை. ரெஜிஸ்டர பாத்தா அட்டெண்டன்ஸ் அமோகமா இருக்கு, ஹால பாத்தா பின்னாடி ரெண்டு வரிசை முழுக்க தலை குனிஞ்சு போன் பாக்குது, முன்னாடி வரிசைல யாருமே இல்ல. ஸ்லைடு ஓடுது, கடைசில "எனி டவுட்ஸ்?"னு கேட்டா அமைதி, அப்புறம் சர்டிபிகேட் வாங்க மட்டும் க்யூ.

சோம்பேறித்தனம்னு இதுக்கு பேர் வெச்சிட்டு போயிடலாம், ஆனா என்னால முடியல. ஏன்னா இதே ஆளுங்கதான் வார்டுக்கு புது இன்ஃப்யூஷன் பம்ப் (மருந்த அளவா ஏத்தற மிஷின்) வந்தப்போ நின்ன இடத்துலயே ஆயிரம் கேள்வி கேட்டாங்க, ஒருத்தங்க மேனுவல வீட்டுக்கு எடுத்துட்டு போய் படிச்சிட்டு வந்தாங்க. அப்போ கத்துக்கற ஆசை எங்கயோ இருக்கு, என் ஹாலுக்குள்ள மட்டும் நுழைய மாட்டேங்குது.

மேலிடத்துல சொல்றது என்னன்னா கட்டாயமாக்கு, வராதவங்களுக்கு இன்க்ரிமெண்ட்ல கை வை. எனக்கு அதுல பெரிசா நம்பிக்கை இல்ல. அதனால உங்ககிட்ட கேக்கறேன், கடைசியா நீங்களா விரும்பி போன கோர்ஸ் எது, எதுக்காக போனீங்க? "நோயாளி நலனுக்காக"ன்னு சுவத்துல எழுதி வெக்கிற மாதிரி பதில் வேணாம் ப்ளீஸ், உண்மையான காரணம் வேணும்.

ஐசியூ_நைட்டு:
அக்கா, என் பதில் கொஞ்சம் நீளமா போகும், டைப் பண்றதே போன்ல, பொறுத்துக்கோங்க.

என்ன கிளாஸ் பக்கம் தள்ளினது ரைல்ஸ் டியூப், அதான் மூக்கு வழியா வயித்துக்கு ஃபீட் குடுக்க போடற குழாய். நாம எல்லாரும் படிச்சப்ப எப்படி சொல்லி குடுத்தாங்க, சிரிஞ்சுல காத்த தள்ளு, வயித்து மேல ஸ்டெத் வெச்சு கேளு, சத்தம் வந்தா டியூப் வயித்துக்குள்ளதான் இருக்கு, ஃபீட் ஆரம்பி. ஒரு நாள் வேற டிபார்ட்மெண்ட் சிஸ்டர் பேச்சுவாக்குல சொன்னாங்க, அந்த சத்தம் டியூப் நுரையீரல்ல இருந்தாலும் கேக்கும், அத நம்பி ஃபீட் குடுக்கவே கூடாது, உள்ள இருந்து உறிஞ்சி எடுத்து பிஎச், அதாவது அமிலத்தன்மை பாக்கணும், 5.5 இல்ல அதுக்கு கீழ வந்தா ஓகே, எடுக்க முடியலன்னாலோ சந்தேகம்னாலோ எக்ஸ்ரே. இங்கிலாந்துல இத பத்தி 2005லயே பாதுகாப்பு எச்சரிக்கை போட்டுட்டாங்களாம். எனக்கு தூக்கி வாரி போட்டுச்சு. பரீட்சைல எழுதி மார்க் வாங்கின விஷயம் அது! அப்போ நான் தினம் கண்ண மூடிட்டு செய்யற வேற எதெல்லாம் இதுக்குள்ள மாறி போச்சுன்னு ஒரு அரிப்பு வந்துச்சு பாருங்க, அந்த அரிப்புதான் என்ன கிரிட்டிக்கல் கேர் கோர்ஸ் வரைக்கும் கூட்டிட்டு போச்சு. சர்டிபிகேட் எந்த பைல்ல இருக்குன்னு கூட தெரியாது.

இன்னொரு காரணமும் இருக்கு, இத யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க. ரவுண்ட்ஸ்ல பேசறதுக்கு ஒரு தைரியம் வேணும். "சார் பேஷண்ட் ஏதோ சரியில்ல"ன்னு சொன்னா தலைய ஆட்டிட்டு அடுத்த பெட்டுக்கு போயிடுவாங்க. "சார் லாக்டேட் ஏறிட்டே இருக்கு, யூரின் அவுட்புட் ரெண்டு மணி நேரமா குறையுது, ரெஸ்பிரேட்டரி ரேட் 26"ன்னு சொன்னா நின்னு திரும்பி பாப்பாங்க. படிச்சதால சம்பளம் ஏறல, ஆனா என் பேச்சு ஏறுச்சு. எனக்கு அது போதுமா இருந்துச்சு.

உங்க ஹாலுக்கு ஏன் வரலன்னா, சாரி அக்கா, போன வருஷம் போட்ட அதே ஹேண்ட் வாஷ் ஸ்லைடு.

கிரெடிட்_அவர்:
நான் ஒளிக்காம சொல்றேன், லைசென்ஸ் ரினியூவலுக்குத்தான் போறேன். இதுல வெக்கப்பட என்ன இருக்கு?

பல நாட்டுல ரினியூவலுக்கு எத்தனை மணி நேரம் (கிரெடிட் அவர்) படிச்சத காட்டணும்னு ஒரு கணக்கு இருக்கு. இங்கிலாந்துல நர்ஸ், மிட்வைஃப்னா மூணு வருஷத்துக்கு 35 மணி நேரம், அதுல 20 மணி நேரம் மத்தவங்களோட சேர்ந்து கலந்துக்கற மாதிரி இருக்கணும், கூடவே வேலைல இருந்து என்ன கத்துக்கிட்டோம்னு அஞ்சு குறிப்பு எழுதணும், 2016ல இருந்து இப்படித்தான். ஆஸ்திரேலியால நர்ஸுக்கு வருஷத்துக்கு 20 மணி நேரம். இந்த மாதிரி ரூல் இல்லாத இடத்துலயும் வேலை பாத்திருக்கேன், இருக்கற இடத்துலயும் பாத்திருக்கேன், ரெண்டையும் பாத்தவன்ற முறையில ஒன்னு சொல்றேன், கட்டாயம்னாலே கெட்டதுன்னு எல்லாரும் பேசறீங்க, அது முழு உண்மை கிடையாது.

ரூல் இல்லாத இடத்துல "கோர்ஸுக்கு போகணும், ஒரு நாள் ஆஃப் குடுங்க"ன்னு கேட்டா இன்சார்ஜ் மூஞ்சி எப்படி இருக்கும் தெரியுமா? ஏதோ கல்யாணத்துக்கு லீவு கேட்ட மாதிரி. உன் ஆசைக்கு நான் ஆள் தேடணுமாங்கற பார்வை. ரூல் இருந்தா அந்த பார்வை போயிடும். "இது இல்லன்னா என் ரெஜிஸ்ட்ரேஷன் போயிடும், அப்புறம் உங்களுக்கு ஸ்டாஃப் எண்ணிக்கைல ஒன்னு குறையும்"னு சொல்லலாம். கட்டாயம்னு ஒன்னு இருக்கறதே நிறைய இடத்துல தொழிலாளிக்கு கிடைச்ச ஒரே ஆயுதம். ஆனா எந்த கோர்ஸுன்னு நாமதான் செலக்ட் பண்ணணும், அதையும் மேல இருந்து திணிச்சா போச்சு.

நைட்_ஆஃப்_எங்க:
சிஸ்டர், முதல்ல அந்த கிளாஸ் டைம மாத்துங்க. நைட் முடிச்சு ஹேண்ட் ஓவர் குடுத்துட்டு வர்றவள காலைல உக்கார வெச்சு செப்சிஸ் கிளாஸ் எடுத்தா மண்டைல என்ன ஏறும். 1997லயே ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருந்தா கை கண் ஒருங்கிணைப்பு, ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கற ஆளு அளவுக்கு இறங்கிடுதுன்னு. அதாவது நீங்க போதைல இருக்கறவங்களுக்கு பாடம் நடத்தறீங்க 😂 மோட்டிவேஷன் எல்லாம் அப்புறம் பேசலாம், தூங்க விடுங்க.

பழைய_எம்ஓ:
மேல எழுதினவங்க எல்லாரும் சரியாத்தான் சொல்றாங்க, ஆனா ஒரு விஷயத்துல மட்டும் மாறுபடறேன். "அவங்களா விரும்பி வரணும், அதுதான் சிறந்தது"ன்னு ஒரு எண்ணம் இந்த த்ரெட் முழுக்க ஓடுது. அது டாக்டருங்க விஷயத்துல எப்படி போகும்னு நான் பாத்திருக்கேன். ஈசிஜி பிடிச்சவன் ஈசிஜி வொர்க்‌ஷாப்புக்கே திரும்ப திரும்ப போவான். அவனுக்கு பலவீனம் எதுல இருக்கோ, சுகர் பேஷண்ட் கால் பரிசோதனைனு வெச்சுக்கோங்க, அந்த பக்கம் தலை வெச்சும் படுக்க மாட்டான். மனுஷன் தனக்கு ஏற்கனவே தெரிஞ்சதுலதான் சுகமா உக்காருவான்.

2006ல ஜாமான்ற அமெரிக்க மருத்துவ பத்திரிகைல ஒரு ரிவ்யூ வந்துச்சு. டாக்டருங்க தங்களப் பத்தி தாங்களே போட்டுக்கற மதிப்பீடும் வெளிய இருந்து அளந்து பாத்ததும் பெரும்பாலும் ஒத்துப்போகல, அதுலயும் சில ஆய்வுகள்ல திறமை குறைவா இருந்தவங்க, தன்னம்பிக்கை ரொம்ப ஜாஸ்தியா இருந்தவங்ககிட்டதான் அந்த இடைவெளி மோசமா இருந்துச்சு. அப்போ "எனக்கு என்ன தேவைன்னு எனக்கு தெரியும்"ங்கற வாதத்துல ஓட்டை இருக்குல்ல?

படிக்காம விட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு உதாரணம் தேடி எங்கயும் போக வேணாம். ஹார்ட் அட்டாக்னு வந்தா மூக்குல ஆக்சிஜன மாட்டுன்னு கை தானா போகும் நமக்கு. ஆக்சிஜன் அளவு நார்மலா இருக்கறவங்களுக்கு அதனால பலன் இல்லன்னு 2017ல ஸ்வீடன்ல ஆறாயிரத்துக்கும் மேல பேஷண்ட வெச்சு செஞ்ச ட்ரையல்ல வந்துச்சு, இப்ப ரத்தத்துல ஆக்சிஜன் சாச்சுரேஷன் 90 சதவீதத்துக்கு கீழ போனாத்தான் குடுன்னு சொல்றாங்க. இத விட கொடுமையானது பச்ச குழந்தைய குப்புற படுக்க வைங்கன்னு ஒரு காலத்துல டாக்டருங்களே சொன்னது. மல்லாக்க படுக்க வெக்கணும்னு 1990கள்ல பிரசாரம் பண்ணின பல நாடுகள்ல தூக்கத்துல திடீர்னு இறந்து போற குழந்தைகளோட எண்ணிக்கை பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு. குப்புற படுக்க சொன்னவங்க யாரும் கெட்டவங்க இல்ல, அவங்க படிச்சப்போ அதான் பாடம்.

அப்புறம் மருந்து கம்பெனி ஸ்பான்சர் பண்ற சிஎம்இ (டாக்டருங்களுக்கான தொடர் கல்வி கூட்டம்) பத்தி பேசவே வேணாம். அதுக்கு வர்ற மோட்டிவேஷன் எதுன்னு எல்லாருக்கும் தெரியும், பஃபே எத்தனை மணிக்குன்னு கேட்டுட்டுதான் கிளம்புவாங்க.

ஐசியூ_நைட்டு:
@பழைய_எம்ஓ சார் நீங்க சொல்றது ஒத்துக்கறேன், ஆனா அந்த பலவீனத்த யார் காட்டறாங்கன்றதுலதான் எல்லாமே இருக்கு. ரைல்ஸ் டியூப் விஷயத்த எனக்கு சொன்னது என் கூட வேலை பாக்கற மாதிரி ஒரு ஆளு, சாதாரணமா சொன்னாங்க. அதையே எல்லார் முன்னாடியும் "உங்களுக்கு இது கூட தெரியாதா"ன்னு கேட்டிருந்தா நான் கோர்ஸுக்கு போயிருக்க மாட்டேன், வேற வார்டுக்கு ட்ரான்ஸ்பர் கேட்டிருப்பேன்.

லேப்_ஜன்னல்:
நர்ஸ், டாக்டர், நர்ஸ், டாக்டர். லேப்னு ஒன்னு இருக்கறதே யாருக்கும் ஞாபகம் வராதா 🙂

எங்க நிலைமை சொல்றேன். புது அனலைசர் (சாம்பிள சோதிக்கற மிஷின்) வந்தா கம்பெனி ஆளு ஒருத்தர் வருவார், ஒரு மணி நேரத்துல பட்டன் எல்லாம் காட்டிட்டு கையெழுத்து வாங்கிட்டு போயிடுவார், அதுதான் எங்க ட்ரெயினிங். மிஷின் சரியா அளக்குதான்னு பாக்கற குவாலிட்டி கன்ட்ரோல் சார்ட்ல ஒரு பக்கமாவே புள்ளி சாஞ்சுட்டே போகுதுன்னா அது என்ன சொல்ல வருது, ரீஏஜெண்ட் (சோதனை ரசாயனம்) லாட் மாறினதா, கேலிபரேஷனா, லேம்ப் போக போகுதா, இதெல்லாம் யார் சொல்லி குடுப்பா? நானே தேடி ஆன்லைன் கோர்ஸ் போட்டேன், சொந்த காசு. ஏன்னு கேட்டா ரெண்டு காரணம். ஒன்னு போரடிச்சு போச்சு. வருஷ கணக்கா ட்யூப் வை, ரிப்போர்ட் எடு, ட்யூப் வை, ரிப்போர்ட் எடு. கத்துக்க ஆரம்பிச்சதுக்கப்புறம்தான் அதே வேலைல ஒரு துப்பறியற சுகம் வந்துச்சு. ரெண்டாவது பயம். மிஷினே எல்லாத்தையும் செய்யுது, நாளைக்கு பட்டன் அமுக்கறதுக்கு மட்டும் ஒரு ஆளுன்னா அது நானா இருக்க வேண்டிய அவசியம் இல்லையே.

இதுல எரிச்சல் என்னன்னா, மேல்படிப்பு முடிச்சிட்டு வந்தேன், அதே கிரேடு, அதே சம்பளம், அதே ஜன்னல். நான் வேலை பாக்கற இடத்துல "நல்லா படிச்சிருக்கீங்க"ன்னு சொல்லி இன்னும் நாலு வேலைய தூக்கி கொடுத்தாங்க, அவ்வளவுதான். எனக்கு ஆர்வம் குறையல, ஆனா என்ன பாத்துட்டு ஜூனியர் பசங்க "அண்ணா நீங்க படிச்சு என்னத்த கண்டீங்க"ன்னு கேக்கறாங்க, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ட்ரெயினிங் மேடம், ஒருத்தர் படிச்சதால என்ன ஆச்சுன்னு பக்கத்துல இருக்கறவன் பாத்துட்டே இருக்கான், உங்க போஸ்டர விட அதான் பேசும்.

எஜுகேட்டர்_அக்கா:
நான் நர்சிங் எஜுகேஷன் பக்கம் இருக்கேன், படிச்சத கொஞ்சம் இங்க கொட்டறேன், போரடிச்சா ஸ்க்ரோல் பண்ணிடுங்க.

பெரியவங்க ஏன் படிக்கறாங்கன்னு 1961லயே ஹூல்னு ஒருத்தர் ஆட்கள உக்கார வெச்சு பேசி மூணு ரகமா பிரிச்சார். ஒரு குறிக்கோளுக்காக படிக்கறவங்க, நாலு பேரோட கூடி இருக்கலாம்னு வர்றவங்க, கத்துக்கறதே பிடிச்சு போய் படிக்கறவங்க. இந்த த்ரெட்லயே மூணுல ரெண்டு வந்துடுச்சு பாருங்க, கிரெடிட்_அவர் முதல் ரகம், லேப்_ஜன்னல் மூணாவது. நடுவுல இருக்கற ரகத்த யாரும் ஒத்துக்க மாட்டாங்க, ஆனா மத்த வார்டு ஃப்ரெண்ட்ஸ பாக்கறதுக்காகவே கிளாஸுக்கு வர்றவங்கள எனக்கு நல்லா தெரியும், அதுல தப்பும் இல்ல, பிரேக்ல அவங்க பேசிக்கறதுலதான் பாதி பாடம் நடக்குது. ஒரே ஆளே வேற வேற வயசுல வேற வேற ரகமா இருப்பாங்க, அதனால ஆளுக்கு முத்திரை குத்தறதுல எனக்கு இஷ்டம் இல்ல.

இன்னொன்னு டெசி, ரையன்னு ரெண்டு மனோதத்துவ ஆய்வாளருங்க சொன்னது. தானா உள்ள இருந்து வர்ற ஊக்கத்துக்கு மூணு தீனி வேணும். இது நான் தேர்ந்தெடுத்ததுங்கற உணர்வு, என்னால முடியுதுங்கற உணர்வு, என் ஆளுங்களோட இருக்கேன்ற உணர்வு. 1971லயே டெசி ஒரு சோதனை பண்ணினார், புதிர் போட சொன்னார், ஒரு குரூப்புக்கு காசு குடுத்தார். காச நிறுத்தின உடனே அந்த குரூப் சும்மா கிடைச்ச நேரத்துல புதிர தொடறது குறைஞ்சு போச்சு. இன்க்ரிமெண்ட்ல கை வெக்கணும்னு சொல்ற உங்க மேலிடத்துக்கு இத சொல்லுங்க. அதுக்காக லேப்_ஜன்னல் தம்பிக்கு சம்பளம் ஏத்த வேணாம்னு அர்த்தம் எடுத்துக்காதீங்க, நியாயமான கூலி வேற, ஆள வர வெக்க தூக்கி போடற மிட்டாய் வேற.

உங்க கேள்விக்கு நேரா வர்றேன். ஆசை இல்லங்கறது பல நேரம் தப்பான நோயறிதல். தடை எங்கன்னு பாக்கணும். நேரம், குழந்தை, டபுள் டூட்டின்னு வாழ்க்கை போடற தடை இருக்கு, கிளாஸ் வைக்கற டைமும் இடமும் போடற தடை இருக்கு, "இந்த வயசுல எனக்கு ஏறுமா"ன்னு மனசு போடற தடை இருக்கு. கடைசியா சொன்னத யாரும் வாய விட்டு சொல்ல மாட்டாங்க, பின் வரிசைல போய் உக்காருவாங்க. உங்க ஹால்ல போன் பாக்கறவங்கள்ல சில பேர் அந்த ரகமா கூட இருக்கலாம்.

அப்புறம் கிளாஸோட வடிவம். வெறும் லெக்சர் மட்டும் கேட்டா டாக்டருங்களோட நடைமுறை மாறலன்னு 1999லயே தொகுத்து சொல்லிட்டாங்க, கையால செஞ்சு பாக்கறது, கேஸ வெச்சு விவாதிக்கறது இருந்தாத்தான் அசையுது. 2021ல வந்த, காக்ரேன்ற ஆய்வு அமைப்போட ரிவ்யூ 200க்கும் மேல ஆய்வுகள சேர்த்து பாத்துட்டு, பயிற்சி கூட்டங்களால நடைமுறைல வர்ற முன்னேற்றம் நடுவாந்தரமா 7 சதவீதத்துக்கு பக்கம்தான்னு சொல்லுது. சின்ன நம்பர்தான், ஆனா பூஜ்யம் இல்ல. தனக்கு இதால ஒன்னும் மாறலன்னு ஸ்டாஃப் உணர்றாங்கன்னா அவங்க உணர்றது பல கிளாஸ் விஷயத்துல நெசம்தான், அத முதல்ல ஒத்துக்கணும்.

கிரெடிட்_அவர்:
@எஜுகேட்டர்_அக்கா மிட்டாய் உதாரணம் நல்லாருக்கு. ஆனா ஒன்னு, மணி நேரத்த எண்ணறதுதான் பிரச்சனைன்னு எனக்கு தோணுது. 35 மணி நேரம் உக்காந்தேன்னு காட்ட முடியும், ஒரு விஷயம் மாறிச்சுன்னு காட்ட சொன்னா கை விரிச்சிடுவேன். அந்த அஞ்சு குறிப்பு எழுதறது மட்டும் பரவால்ல, முதல்ல திட்டிக்கிட்டேதான் எழுதினேன், ஆனா எழுத உக்காந்தா அந்த மாச கேஸெல்லாம் ஒரு தடவ மனசுல ஓடுது.

பிசியோ_பேண்ட்:
ஒரே ஒரு ஐடியா. எங்க இடத்துல சிபிஆர் (இதயம் நின்னா நெஞ்ச அமுக்கற முதலுதவி) பழகற மேனிக்கின் பொம்மை ஒன்ன வார்டு மூலைலயே வெச்சாங்க, ஃபீட்பேக் லைட் இருக்கறது. 5 முதல் 6 செமீ ஆழம், நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவை, சரியா போனா பச்சை எரியும், நெஞ்ச முழுசா மேல வர விடலன்னா அதையும் காட்டும். யாரும் கூப்பிடல, யாரும் கையெழுத்து கேக்கல, ஆனா ஃப்ரீயா இருக்கறவங்க ஆளாளுக்கு போய் அமுக்கி பாத்து "எனக்கு ஸ்கோர் 92, உனக்கு எவ்ளோ"ன்னு போட்டி போட்டாங்க, வார்டு பாய்ல இருந்து பெரிய டாக்டர் வரைக்கும். இத்தனைக்கும் அதே ஆளுங்க பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்பு பயிற்சி) ரினியூவல்னா முனகுவாங்க. கார்டு ரெண்டு வருஷம் செல்லும், கை பழக்கமோ சில மாசத்துலயே மங்க ஆரம்பிச்சிடும், அதனால இந்த அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா செய்யறதுதான் உண்மையிலேயே உதவுது. போட்டி ஒரு காரணம், ஆனா பெரிய காரணம் என்னன்னா செஞ்ச அடுத்த செகண்டே சரியா தப்பான்னு தெரிஞ்சுடுது, அதுவும் யாரும் திட்டாம.

ட்ரெயினிங்_டெஸ்க்:
எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ வரும்னு எதிர்பாக்கல. ஹேண்ட் வாஷ் ஸ்லைடு அடி சரியான அடி, வாங்கிக்கறேன் 😅

நான் என்ன பண்ணலாம்னு இருக்கேன்னா, நைட் முடிச்சவங்களுக்கு காலை கிளாஸ் இனி கிடையாது. மாச கிளாஸ பாதியா குறைச்சிட்டு, மீதிய பெட்சைட்லயே 15 நிமிஷமா மாத்த பாக்கறேன், டாபிக்க வார்டே சொல்லணும், அந்த வாரம் அவங்கள உறுத்தின கேஸ். பழைய_எம்ஓ சார் சொன்ன பலவீனம் விஷயத்துக்கு வார்டோட ஆடிட் ரிப்போர்ட்ல இருந்து நான் ஒரு டாபிக் போடுவேன், ஆள் பேர் இல்லாம. கிளாஸ் நேரம் டூட்டி கணக்குல வரணும்னு மேல எழுதி கேக்க போறேன், அதுக்கு கிரெடிட்_அவர் சொன்ன வாதத்த அப்படியே கடன் வாங்கிக்கறேன். லேப்புக்கு தனி கிளாஸ் நிச்சயம், ஆனா கிரேடு விஷயம் என் கைல இல்ல தம்பி, பொய் சொல்ல விரும்பல.

ஒரு டவுட் மட்டும். பெட்சைட் 15 நிமிஷத்த கிரெடிட் அவரா எப்படி காட்டறது? ரெஜிஸ்டர் இல்லன்னா மேலிடம் கிளாஸே நடக்கலன்னு சொல்லிடும், ரெஜிஸ்டர் வெச்சா மறுபடியும் கையெழுத்து க்யூ.

கிரெடிட்_அவர்:
உங்க ரெஜிஸ்ட்ரேஷன் கவுன்சில் எத ஏத்துக்கும்னு முதல்ல கேட்டுக்கோங்க, சில இடத்துல செஷனுக்கு முன்னாடியே அப்ரூவல் வாங்கியிருந்தாத்தான் எண்ணுவாங்க. மத்தபடி வார்டுல ஒரு நோட்டு வைங்க, தேதி, டாபிக், யார் நடத்தினாங்க, அப்புறம் வந்தவங்க ஆளுக்கு ஒரு வரி: "நாளைல இருந்து நான் எத மாத்தி செய்ய போறேன்". கையெழுத்துக்கு பதிலா அந்த வரிதான் அட்டெண்டன்ஸ்.

நைட்_ஆஃப்_எங்க:
ஒரு வரிக்கு மேல கேட்டா நான் வர மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன் 😂